நால்வர் குழுவுக்கு முதலில் தேவை காலை நேரம்

கேள்வி: எனக்கு வயது 24. சென்னையில் வசிக்கிறேன். சிறுவயது முதல் மேற்கத்திய முறையில் வயலின் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் எட்டாம் கிரேடுக்குப் பிறகு டிப்ளமாவும் முடித்திருக்கிறேன். திரைப்பட ஒலிப்பதிவுகளில் வாசிப்பதும், மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் இப்போதைய வருமானம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பழக்கமான மூவரோடு (இன்னொரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) சேர்ந்து ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்றைத் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. இரண்டு கச்சேரிகளும் சில திருமண வரவேற்புகளும் வாசித்திருக்கிறோம். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் வயலின் வாசிக்கும் நண்பர், தனக்குக் கிடைப்பது பக்கவாத்தியக்காரரின் இடம்தான் என்று மனம் சலிக்கிறார். தொடங்கியவன் நான் என்பதால் என் பெயரிலேயே குழுவை நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செல்லோ வாசிப்பவருக்கு ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்து, அக்டோபரில் கிளம்புகிறார். ஐரோப்பிய இசையை மட்டும் வாசித்தால் கூட்டம் வராது, திரைப்பாடல்களை வாசியுங்கள் என்ற அறிவுரையும் வந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?
— வயலின் கலைஞர், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பணம், பதவி, பிரிவு, பாடல் தேர்வு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நால்வரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. செல்லோ வாசித்தும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது அதைத்தான். அது இல்லாததைப் பார்த்தால், யாருக்கும் கால்ஷீட் இல்லாத நாளில், நால்வருக்கும் ஒழிந்த வேளையில் கூடுகிறீர்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. என் ஊகம் சரியென்றால், நீங்கள் கேட்டிருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விடையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திரைப்பட ஒலிப்பதிவு நல்ல பள்ளிக்கூடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்னால் வைக்கப்படும் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பிழையின்றி வாசிக்கவும், பக்கத்தில் இருப்பவரின் வில்லோடு தன் வில்லை இழையவிடவும் அது பழக்குகிறது. ஆனால் அங்கே காலப்பிரமாணத்தைக் காதில் ஒலிக்கும் கிளிக் (தாளத்தைத் தட்டிக் காட்டும் ஒலி) காப்பாற்றுகிறது. எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை இசை நடத்துநர் சொல்லிவிடுகிறார். பிசிறு தட்டினால் அடுத்த டேக் இருக்கிறது. எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒலிப்பதிவாளர் பிறகு பார்த்துக்கொள்கிறார். குவார்ட்டெட்டில் இந்தப் பொறுப்புகள் அத்தனையும் வாசிக்கும் நால்வரிடமே வந்து சேர்கின்றன. ஓர் இசைச் சொற்றொடரை யார் தொடங்குகிறாரோ அவர் மூச்சு எடுக்கும் விதத்திலிருந்தே மற்ற மூவரும் அதன் வேகத்தையும் கனத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு ஒரே பக்கத்தில் நான்கு முறை கைமாறும். தனித்தனியாக எவ்வளவு தேர்ந்த கலைஞர்களானாலும், இந்தப் பழக்கம் ஒன்றாக உட்கார்ந்து கழித்த மணிநேரங்களிலிருந்து மட்டுமே வருகிறது. தனிச் சாதகத்தால் இதை ஈடுகட்ட முடியாது.

சுருதியை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். செல்லோவின் அடித்தந்தி ‘சி’. அதிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு சுத்தமான பஞ்சமங்களை அடுக்கிக்கொண்டு மேலே போனால் வயலினின் மேல் தந்தியின் சுரம் (ஒரு ஸ்தாயி கீழே) வருகிறது. ‘சி’யை ஷட்ஜமாக வைத்தால் அந்த ‘ஈ’ காந்தாரம். ஆனால் இப்படி அடுக்கிப் பெற்ற காந்தாரம், தம்புராவை மீட்டும்போது தானாக எழுகிற அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 22 சென்ட், அதாவது அரைச்சுர இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக, ஏறி நிற்கும். நால்வரும் அவரவர் தந்திகளை அப்பழுக்கின்றிச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்து, திறந்த தந்திகளில் ஒரு சி மேஜர் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டை) வாசித்தால் அது கரகரப்பதற்குக் காரணம் இதுதான். குற்றம் யாருடைய காதிலும் இல்லை. பஞ்சமங்களை மயிரிழை குறுக்கிச் சுருதி சேர்ப்பதா, திறந்த ஈ தந்தியைத் தவிர்த்து நான்காம் விரலால் வாசிப்பதா, எந்தக் கார்டில் எந்தச் சுரத்தைத் தூணாக நிறுத்தி மற்றவற்றை அதற்கு ஏற்பச் சாய்ப்பது என்பனவற்றையெல்லாம் நால்வரும் பேசி, வாசித்துப் பார்த்து, மீண்டும் மாற்றி முடிவுசெய்ய வேண்டும். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தம்புராச் சுருதியைப் போட்டுவிட்டு அதன்மேல் மெதுவாக ஸ்கேல்களை வாசித்துப் பழகினால், ஐரோப்பிய மாணவர்கள் கோட்பாடாகப் படித்து அடையும் இடத்தை உங்கள் காது முன்பே அறிந்திருப்பதைக் காண்பீர்கள்.

ஆகவே என் முதல் ஆலோசனை, வாரத்தில் நான்கு காலைகள், ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை, வேறு எதற்கும் தராத நேரமாக வையுங்கள் என்பதே. காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்புகள் மாலையிலும் வார இறுதியிலும்தான் நடக்கின்றன. ஒலிப்பதிவு அழைப்புகள் பெரும்பாலும் முற்பகலுக்குப் பின்னரே தொடங்கி, சில நாள் நள்ளிரவைத் தாண்டுகின்றன. காலை ஏழு மணிக்குத்தான் சென்னையில் நான்கு இசைக்கலைஞர்களை ஒரே அறையில் உட்கார வைக்க முடியும். இந்த நேரத்தில் ஒருவருக்கு நல்ல தொகைக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி முதல் மாதத்திலேயே எழும். அதற்கான விடையை அழைப்பு வருவதற்கு முன்பே நால்வரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு பேசினால் அது சண்டையாகும்.

இனி வருமானம். கச்சேரிக் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் பிழைப்பது உலகின் எந்த நகரத்திலும் அரிது. மேல்நாடுகளில் நீடித்து நிற்கும் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1912இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய புரோ ஆர்ட்டே குவார்ட்டெட், 1940 மே மாதம் அமெரிக்காவின் மாடிசன் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. ஊர் திரும்ப வழியற்றுப்போன அந்தக் குழுவுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நிலையான பணியிடம் கொடுத்தது. கற்பித்தல், ஒத்திகைக்கு இடம், ஆண்டுதோறும் கச்சேரிகள், மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றி, உறுப்பினர்கள் மாறிமாறி வந்தாலும் அந்தக் குழு இன்றும் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜூலியார்டு குவார்ட்டெட் 1946இல் தொடங்கியதே அந்த இசைக் கல்லூரிக்குள்தான்.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான உதாரணம் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கிறது. 1997இல் செபாஸ்டியன் ரூத் என்ற இளம் இசைக்கலைஞர், பெரிய அரங்குகளைத் தேடிப் போகாமல், வசதி குறைந்த ஒரு குடியிருப்புப் பகுதியிலேயே ஒரு குவார்ட்டெட்டை நிலைகொள்ளச் செய்து, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் அங்கேயே கச்சேரி செய்வதையும் ஒரே வேலையாக அமைத்தார். கம்யூனிட்டி மியூசிக் ஒர்க்ஸ் என்ற அந்த அமைப்பு நிலைத்து வளர்ந்தது. அவருக்கு 2010இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது. இதில் நான் மதிப்பது அந்தத் தொண்டு மனப்பான்மையை மட்டுமல்ல, கணக்கின் தெளிவையும்தான். கற்பிக்கும் வேலையே குழுவைத் தாங்குகிறது. குழு ஒரே இடத்தில் இருப்பதால் ஒத்திகை நேரம் சிதறுவதில்லை. கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே வருகிறார்கள்.

நீங்கள் நால்வரும் இப்போது நான்கு வெவ்வேறு இடங்களில் வகுப்பெடுக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அந்த நான்கு வேலைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே இடத்தில் விற்க முயலுங்கள். இசை வகுப்புகளுக்கு முக்கியத்துவம் தரும் பள்ளி ஒன்றை, அல்லது நல்ல நிலையில் நடக்கும் இசைப் பள்ளி ஒன்றை அணுகி, வயலின், வயோலா, செல்லோ மூன்றுக்கும் ஆசிரியர்களாக நாங்கள் ஒரே குழுவாக வருகிறோம், பிற்பகல்களில் கற்பிக்கிறோம், ஆண்டுக்கு மூன்று கச்சேரிகளை உங்கள் வளாகத்தில் தருகிறோம், பதிலுக்கு மாதச் சம்பளமும், வாரத்தில் நான்கு காலைகள் எங்களுக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் ஆசிரியர் எளிதில் கிடைக்கும் ஊரில், செல்லோவும் வயோலாவும் கற்பிக்க ஆள் கிடைப்பது அரிது என்பதே உங்கள் பேரம் பேசும் வலிமை. முதலில் அணுகும் பள்ளி மறுக்கலாம், இரண்டாவதும் மறுக்கலாம். நம் ஊரில் இப்படியொரு பணியிடத்தை நீங்கள்தான் கேட்டு உருவாக்க வேண்டும். விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒலிப்பதிவு வருமானத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அதை நிலையான வருமானமாகக் கணக்கில் எழுதாதீர்கள். தந்தி வாத்தியங்களின் ஒலியைக் கணினியிலேயே வாசித்துச் சேர்க்கும் வசதி பெருகிவிட்டது; பெரிய தயாரிப்புகள் ஐரோப்பிய நகரங்களான புடாபெஸ்டிலும் ஸ்கோப்யேவிலும் உள்ள இசைக்குழுக்களைக் கொண்டு இணையவழியிலேயே பதிவு செய்துகொள்கின்றன. திருமண வரவேற்புகளைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: வாசியுங்கள், தக்க தொகை கேளுங்கள், ஆனால் வேறு ஒரு பெயரில் வாசியுங்கள். விருந்துப் பேச்சுக்குப் பின்னணியாக உங்கள் குழுவின் பெயரை முதலில் கேள்விப்பட்ட ஒருவரை, பின்னர் டிக்கெட் வாங்கி எழுபது நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்வது கடினம்.

இரண்டாம் வயலின் வாசிக்கும் உங்கள் நண்பரின் மனத்தாங்கலைச் சிறிதாக எண்ணாதீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை, மற்றொரு பாதி உங்கள் பாடல் தேர்வின் விளைவு. திருமணங்களுக்காக எழுதப்பட்ட எளிய அமைப்புகளில் முதல் வயலின் பாட்டை வாசிக்கும், மற்ற மூவரும் ‘ஜம் ஜம்’ என்று தாளம் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதை ஆண்டு முழுவதும் வாசிக்கும் யாரும் சலித்துத்தான் போவார்கள். அவரையும் உங்களையும் சேர்த்து உட்கார்த்தி ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 1797ஆம் ஆண்டு குவார்ட்டெட் வரிசையான ஓபஸ் (படைப்பு எண்) 76இல் மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டு, இன்று ஜெர்மனியின் தேசிய கீதமாக இருக்கும் அதே மெட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முழுமையாக ஒருமுறை கிடைக்கிறது. முதல் வயலின் அறிமுகப்படுத்தியதும் முதல் மாறுபாட்டில் மெட்டு இரண்டாம் வயலினுக்குப் போகிறது. அப்போது வயோலாவும் செல்லோவும் ஓய்ந்திருக்க, முதல் வயலின் மட்டும் மேலே வேகமான சுரங்களால் பின்னிக்கொண்டு துணை நிற்கிறது. அடுத்ததில் செல்லோ, அதற்கடுத்ததில் வயோலா, கடைசியில் மீண்டும் முதல் வயலின். இந்தப் பகுதியை ஒரு மாதம் வாசித்துப் பழகினால், துணை நிற்பது என்றால் என்ன என்பதை உங்களுக்கும், முன்னிற்பது என்றால் என்ன என்பதை அவருக்கும் ஹைடனே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

பதவியைப் பொறுத்தவரை, கர்நாடக மேடையில் முதன்மைக் கலைஞர், பக்கவாத்தியம் என்ற ஏற்பாட்டுக்கு அதற்குரிய நியாயமும் அழகும் இருக்கின்றன. அதை இங்கே கொண்டுவந்தால்தான் பிரச்சினை. 1976இல் தொடங்கி 2023 வரை வாசித்த எமர்சன் குவார்ட்டெட்டில் இரண்டு வயலின் கலைஞர்களும் முதல் இடத்தை மாற்றி மாற்றி வகித்தார்கள். அது ஒன்றே வழி என்று சொல்லமாட்டேன். ஒருவரே நெடுங்காலம் முதல் வயலின் வாசித்த மகத்தான குழுக்கள் உண்டு. ஆனால் இளம் குழுவுக்கு, ஒரு கச்சேரியில் ஒரு படைப்பிலாவது இடம் மாறி உட்காருவது இருவருக்குமே நல்ல பயிற்சி. உங்கள் பெயரில் குழுவை நடத்தும் யோசனையைக் கைவிடுங்கள். தொடங்கியவருக்குரிய மதிப்பு உங்களுக்குத் தானாகவே கிடைக்கும், அதைப் பெயர்ப்பலகையில் எழுதிய மறுநாள் மற்ற மூவரும் உங்களிடம் கூலிக்கு வாசிப்பவர்களாகிவிடுவார்கள், காலை ஏழு மணிக்கு வருவதற்கும் கூலி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

செல்லோ கலைஞர் போகட்டும். அந்த வயதில் அப்படியொரு வாய்ப்பைக் குழுவுக்காக விட்டுவிடச் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. சொல்லி அவர் தங்கிவிட்டால், அந்த மனக்குறை ஒவ்வொரு ஒத்திகையிலும் வந்து உட்காரும். ஜெர்மன் இசைக் கல்லூரிகளில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன; கோடைப் பருவம் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. இதன்படி, அவர் மார்கழிக்கு வர இயலாவிட்டாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னைக்கு வர முடியும். மார்கழியில் இந்நகரில் நடக்கும் கச்சேரிகளுக்கு நடுவே ஒரு குவார்ட்டெட்டைத் தேடி வருபவர் சிலரே. உங்கள் குழுவின் பருவமாக ஆகஸ்ட், செப்டம்பரை வைத்துக்கொண்டு, ஆண்டின் பெரிய கச்சேரிகளை அப்போது நடத்துவது எல்லா வகையிலும் நல்லது.

மற்ற மாதங்களில் என்ன வாசிப்பது? செல்லோ இல்லாமல் இரண்டு வயலினும் ஒரு வயோலாவும் மட்டும் வாசிக்க அருமையான படைப்புகள் இருக்கின்றன. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1887இல் எழுதிய தெர்சேத்தோ, ஓபஸ் 74, இந்த மூன்று வாத்தியங்களுக்காகவே எழுதப்பட்டது. ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாயின் ஓபஸ் 12 செரினேடும் அப்படியே. இவற்றில் அடிச்சுரத்தைத் தாங்கும் பொறுப்பு வயோலாவுக்கு வருவதால், உங்கள் வயோலா கலைஞர் ஓராண்டில் பெரிதும் வளர்ந்துவிடுவார். நகரில் உள்ள வேறு செல்லோ கலைஞர் ஒருவரை விருந்தினராக அழைத்தும் வாசிக்கலாம். ஆனால் அவரை அழைப்பதற்கு முன் ஜெர்மனிக்குப் போகும் நண்பரிடம், திரும்பி வந்தால் அவருடைய இடம் காத்திருக்குமா, எத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் என்பதை வெளிப்படையாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகள் ஆகலாம். நான்கு ஆண்டுகள் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பது நடக்காத காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டு காத்திருப்பது நியாயம்.

பாடல் தேர்வைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே செழிப்பான பகுதி அதுதான். திரைப்பாடல்களா, ஐரோப்பிய இசையா என்று இரண்டே வழிகள் இருப்பதாக உங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் நினைக்கிறார்கள். திரைப்பாடல்களில் ஒரு நடைமுறைச் சிக்கலை அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். இந்தியச் சட்டப்படி ஒரு பாடலின் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. அந்தப் பாடலைக் குவார்ட்டெட்டுக்காக மாற்றி எழுதுவதற்கே உரிமையாளரின் அனுமதி தேவை. மேடையில் வாசிக்க இசைப் படைப்பாளிகளின் உரிமைத் தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பின் உரிமம் தேவை; யூடியூபில் ஏற்றினால் அதன் வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில வேளை காணொளியே முடக்கப்படும். இவ்வளவுக்கும் பிறகு, அதே பாடலை அசல் குரலில் கேட்க விரும்புபவருக்கு உங்களால் புதிதாகக் கொடுக்க முடிவது என்ன என்ற கேள்வி மிஞ்சுகிறது.

உங்கள் ஊரிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறார். இளையராஜாவின் இசைக்குழுவில் முதன்மை வயலின் கலைஞராக விளங்கிய வி. எஸ். நரசிம்மன், மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளின் மெட்டையும் கமகத்தையும் (சுரங்களின் அசைவையும்) சிதைக்காமல் அவற்றைச் சுற்றி ஹார்மனியை (மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் துணைச் சுரங்களை) எழுதிக் காட்டினார். அவருடைய பதிவுகளைக் கேட்டிருப்பீர்கள். இனி நொட்டேஷன் எழுதும் காகிதமும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மெட்டு கமகத்தோடு அசையும்போது மற்ற மூன்று வாத்தியங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே நகர்கின்றன என்பதை எழுதிப் பார்ப்பதே ஒரு படிப்பு. நான்கு வாத்தியங்களும் ஒரே கீர்த்தனையை ஒரே சுரத்தில் வாசித்துவிட்டு அதைக் குவார்ட்டெட் என்று அழைப்பதும், தோடி ராகத்தின் காந்தாரத்துக்குக் கீழே ஒரு மேஜர் கார்டை வைத்து நசுக்குவதும் எளிது, இரண்டையும் செய்யாதீர்கள்.

நீங்கள் தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்த காலத்தில், ஐரோப்பிய இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சூழலில்தான். ‘சந்ததம் பாஹிமாம்’ என்று பாடப்படுவது பிரிட்டனின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டு. இவை சங்கராபரணத்தின் சுரங்களில், பெரும்பாலும் கமகமின்றி அமைந்தவை. ஹார்மனி இவற்றுக்கு ஒட்டவைத்த அணியாகத் தோன்றாது, பிறந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல இயல்பாக அமையும். தீட்சிதர் மறைந்தது 1835இல். உரிமைச் சிக்கல் ஏதுமில்லை. மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெறச் செய்த முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பாகவதர் மறைந்தது 1945. நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதும் வேலையை ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களிலேயே இந்நகரில் செய்து அச்சிட்டிருக்கிறார் என்பதையும் அறிந்திருங்கள்.

எழுபது நிமிடக் கச்சேரியில் ஹைடனின் ஒரு முழு குவார்ட்டெட்டும், மூன்று நான்கு நோட்டுஸ்வரங்களும், இறுதியில் துவோர்ஷாக் 1893இல் அமெரிக்காவில் எழுதிய ஓபஸ் 96 குவார்ட்டெட்டும் இருந்தால், மேற்கத்திய இசையை முதன்முறை கேட்பவரும் பிடிப்பை இழக்கமாட்டார். இடையிடையே தமிழில் பேசுங்கள். ஒரு மெட்டு எந்த வாத்தியத்திலிருந்து எந்த வாத்தியத்துக்குப் போகிறது என்பதை முன்கூட்டியே நாலு வரி வாசித்துக் காட்டிவிட்டுத் தொடங்கினால் போதும்; ஹைடன் பிறந்த ஊரையும் ஆண்டையும் யாரும் கேட்கப்போவதில்லை.

அரங்கு சிறிதாக இருக்கட்டும். எண்பது பேர் அமரும் இடத்தில் அறுபது பேர் வந்தால் கச்சேரி; எண்ணூறு பேர் அமரும் அரங்கில் அதே அறுபது பேர் வந்தால் தோல்வி. ஒலிபெருக்கி தேவைப்படாத இடமாகப் பாருங்கள். எதிரொலி நன்றாக அமைந்த பழைய தேவாலயங்கள் குவார்ட்டெட்டுக்கு மிகவும் பொருந்தும். மேலும் நான்கு குரல் ஹார்மனியில் பாடியும் கேட்டும் பழகிய மக்கள் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறார்கள் என்றால், சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் உள்ள தேவாலயப் பாடகர் குழுக்களில்தான். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழு இன்றும் இந்நகரில் பாடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தேடும் கூட்டத்தின் முதல் நூறு பேர் அங்கே இருக்கிறார்கள். குளிரூட்டிய அரங்கானால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாத்தியங்களை உள்ளே வைத்துவிடுங்கள். வெளியே சென்னையின் ஈரப்பதம், உள்ளே வறண்ட குளிர் என்றால் சுருதி நிற்காது, நாளடைவில் ஒட்டிய பசையே விடும்.

எழுத்தில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நால்வரும் சமபங்காளிகளாக ஒரு கூட்டு ஒப்பந்தம் எழுதி, குழுவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். வரும் தொகையை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கைக் குழுவுக்கே வைத்துவிடுங்கள்; நொட்டேஷன், தந்திகள், பயணம், விமானத்தில் செல்லோவுக்கு வாங்க வேண்டிய தனி இருக்கை எல்லாம் அதிலிருந்து வரட்டும். விலகுபவர் ஆறு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், பெயரும் பதிவுகளும் குழுவிடமே இருக்கும் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று கருத்து பிரிந்தால், இசை சம்பந்தமானதாயின் இரண்டு விதமாகவும் ஆளுக்கொரு கச்சேரியில் வாசித்துப் பார்ப்பது, பணம் சம்பந்தமானதாயின் பழைய ஏற்பாட்டை மாற்றாமல் விடுவது என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வீட்டாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, கொடுத்திருக்கும் அவகாசமும் தாராளமானது. புகழ் வரும் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அவர்களால் சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் ஒரு முழுக் கச்சேரியை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவுசெய்த காணொளியும், பள்ளியோடு போட்ட ஒப்பந்தமும் கையில் இருக்கும் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுப் போட்டிகளும் விழாக்களும் அப்படிப்பட்ட பதிவையே கேட்கின்றன. கனடாவின் பான்ஃபிலும் லண்டனின் விக்மோர் அரங்கிலும் நடக்கும் குவார்ட்டெட் போட்டிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவன. இப்போதைக்கு அவற்றைக் கேட்டுப் பழகுங்கள், விண்ணப்பிக்கும் காலம் பிறகு வரும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒப்பந்தம் எதுவும் அமையவில்லை என்றால், குழுவை வார இறுதிக் குழுவாக வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். வார இறுதியில் ஹைடன் வாசிப்பவர்களை யாரும் தோற்றவர்களாக எண்ணப்போவதில்லை.

குழுவின் பெயர் குறுகியதாக, தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரே மாதிரி உச்சரிக்கக்கூடியதாக இருக்கட்டும். அச்சடிப்பதற்கு முன் வணிகக் குறிப் பதிவேட்டில் (டிரேட்மார்க்) கல்வி, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் அது வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் நால்வரின் பெயரிலும் கூட்டாக விண்ணப்பியுங்கள். செல்லோ நண்பர் அக்டோபரில் கிளம்புவதற்கு முன் கையெழுத்திட வேண்டிய தாள்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.